ஆனிக் காற்றும் ஐப்பசி மழையும்

மதுரையிலிருந்து தென்காசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்திருக்கும் வாசுதேவநல்லூரில் 'சீசன்' என்ற சொல் மாதத்துக்கு ஏற்பப் பொருள் மாறுகிறது. ஆனி பிறந்தால் அது குற்றாலச் சாரல். கார்த்திகை பிறந்தால் இருமுடி கட்டிய ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் இந்தச் சாலை வழியே செங்கோட்டை நோக்கி வரிசைகட்டும் சபரிமலைக் காலம். எலுமிச்சை வியாபாரிக்கோ வரத்து மிகுந்த நாட்கள்.

ஆண்டை ஆறாகப் பகுக்கும் பெரும்பொழுது என்ற பழைய முறையில் ஆனியும் ஆடியும் முதுவேனில், அதாவது கடுங்கோடை. தென்காசி வட்டாரத்தில் அந்த இரண்டு மாதங்களும் குளிர்ச்சியாக இருப்பது இந்நிலத்தின் தனித்தன்மை. மலைத்தொடர் தாழ்ந்து வழிவிடும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைவதால் குற்றாலத்தில் சாரல் விழுகிறது. அங்கிருந்து வடக்கே செல்லச் செல்ல மலை உயர்ந்து நிற்கிறது. மேகம் கேரளச் சரிவிலேயே பெருமளவு பொழிந்துவிட்டு ஈரம் குறைந்த காற்றாக இறங்குகிறது. இவ்வாறு மலை மறைப்பதால் மழை குறையும் நிலப்பரப்பை மழைமறைவுப் பகுதி என்பர். ஆகவே, இந்த ஆண்டு சீசன் அருமை என்று வெளியூரார் மகிழும் நாட்களிலும் வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக் குளங்கள் காய்ந்து கிடக்கக்கூடும். அதே காற்றை நம்பித்தான் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்துக் காற்றாலைகள் நிற்கின்றன. வைகாசி முதல் புரட்டாசி வரை அவற்றுக்கு அறுவடைக் காலம்.

நெல் விவசாயி 'சீசன்' என்ற சொல்லை அதிகம் நாடுவதில்லை. நெல்லைச் சீமையில் அவருக்குக் கார், பிசானம் என்ற இரு பெயர்கள் போதும். தென்மேற்குப் பருவத்து நீரில் விளைவது கார். வடகிழக்குப் பருவமழையில் குளம் பெருகிய பின் நட்டு, தை, மாசியில் அறுப்பது பிசானம். ஆற்றுப் பாசனம் வலுவாக உள்ள இடத்தில் இரண்டும் கைகூடும். குளத்தை நம்பிய ஓரங்களில் ஐப்பசி மழையே ஆண்டின் கணக்கைத் தீர்மானிக்கிறது.

எலுமிச்சையின் கதை இதைவிட நுட்பமானது. பக்கத்துப் புளியங்குடியின் மொத்தச் சந்தையால் பெயர் பெற்ற இந்தப் பயிர் ஆண்டு முழுதும் ஓரளவு காய்க்கும் என்றாலும், தாகம் மிகுந்த சித்திரை, வைகாசியில்தான் விலை ஏறும். அப்போது பழம் கிடைக்க வேண்டுமானால், பூவிலிருந்து பழமாக ஐந்து, ஆறு மாதம் ஆகும் என்பதால், ஐப்பசி, கார்த்திகையில் மரம் பூத்திருக்க வேண்டும். மரத்தைப் பூக்கவைக்க விவசாயி அறிந்த வழி, சில வாரங்கள் தண்ணீரை நிறுத்தி, இலை வாடி உதிரத் தொடங்கும் வரை காயப்போட்டு, பிறகு எருவிட்டு நீர் பாய்ச்சுவது. தாகத்தில் தவித்த மரம் நீரைக் கண்டதும் துளிரோடு பூவையும் தள்ளும். ஆனால் காயப்போட வேண்டிய அந்த நாட்களில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது; கிணற்று மோட்டாரை நிறுத்திவிடலாம், வானத்தை நிறுத்த முடியாது. மழை முந்தினால் பூ குறைகிறது, கோடையில் விலை உச்சத்தில் இருக்கும்போது பறிப்பதற்குக் காய் இல்லை. மற்ற மாதங்களில் எல்லாத் தோட்டமும் ஒன்றாகக் காய்த்துக் குவியும்போது பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டுவதில்லை.

குளத்துக்குக் கீழே நெல்லும் மலையடிவாரத்தில் எலுமிச்சையும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த முரண் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: புரட்டாசி கடைசியில் குளத்துக்காக மழை வேண்டும், தோட்டத்துக்காக அது இன்னும் இரண்டு வாரம் தள்ளிப்போக வேண்டும். சந்தையில் சீசன் என்று சொல்லப்படுவது வாங்குவோரின் காலம். விளைவிப்போரின் சீசன் அதற்கு ஆறு மாதம் முன்பே, யாரும் பார்க்காத தோட்டத்தில், மரத்துக்குத் தண்ணீர் விடுவதா நிறுத்துவதா என்ற முடிவில் தொடங்கிவிடுகிறது.