டாக்டரைத் தேடினால் எண்ணம் வருது!

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி கம்மி. சும்மா இருக்கற நேரத்துல கொரிய நாட்டுச் சட்டங்களை நோண்டிக்கிட்டு இருக்கேன். "உனக்கும் கொரியாவுக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேக்காதீங்க. ஏஐ ஏஜென்ட்டுக்குச் சட்டம் தேடிக் குடுக்குற ஒரு கருவி எழுதிப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. தென்கொரிய அரசு தன்னோட சட்டங்களை எல்லாம் தேசிய சட்டத் தகவல் மையம் வழியா, ஏபிஐயோட சேத்து, திறந்து வச்சிருக்கு. அதான் அங்க போய் உக்காந்துட்டேன் :)

ஏஜென்ட்னா பெரிய விஷயமெல்லாம் இல்ல. நாம கேள்வி கேட்டா, எந்தச் சொல்லைத் தேடணும்னு அதுவே முடிவு பண்ணும். கருவியைக் கூப்பிடும், வந்ததைப் படிக்கும், பதில் சொல்லும். கருவி இல்லாம விட்டா ஞாபகத்துல இருந்தே எடுத்து விடும். சட்டத்துலயே இல்லாத பிரிவைக்கூட அடிச்சுச் சொல்லும். சட்டத்துல அது ஆபத்து.

இந்தக் காலத்துல போய் வெறும் சொல் தேடலான்னு ஒரு நண்பர் சிரிச்சார். அர்த்தத்தை வச்சுத் தேடுறது நல்ல விஷயம்தான். ஆனா வேலையை விட்டு நீக்குறதைப் பத்தின ரெண்டு பிரிவு அதுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரியே தெரியும். சட்டத்துல ரெண்டும் வேற வேற. அப்புறம் 43க்கும் 44க்கும் நடுவுல புதுசா ஒரு பிரிவைச் செருகினா, கொரியாவுல அதுக்கு "43-இன் 2"னு பேரு. அதைக் கேட்டா அதுவே வரணும். இதுக்கெல்லாம் சொல் தேடல்தான் சரி.

கொரிய மொழி நமக்கு ரொம்ப அந்நியம் இல்லீங்க. நம்ம வேற்றுமை உருபு மாதிரியே பெயர்ச்சொல்லுக்குப் பின்னாடி ஒட்டு வரும். சம்பளத்துக்குச் சட்டத்துல இருக்கற சொல் "இம்கும்". "சம்பளத்தை"ங்கறது "இம்குமுல்". நம்ம ஊர்ல "சம்பளம்" உருபு சேந்ததும் "சம்பளத்து"ன்னு உருமாறிடுது. அங்க பெயர்ச்சொல் அசையாம அப்படியே நிக்குது. அதனால வாலை மட்டும் வெட்டினா போதும். பொறாமையா இருக்கு!

ஆனா வேற இடத்துல உதைக்குது. "உய்சா"ன்னா டாக்டர். "உய்சா"ன்னா எண்ணம்னும் அர்த்தம். சீன எழுத்துல எழுதினா ரெண்டும் வேற வேற. கொரிய எழுத்துல ஒண்ணுதான். டாக்டரைப் பத்தித் தேடினா, சிவில் சட்டத்துல 107ஆம் பிரிவுல ஆரம்பிக்கற "எண்ணத்தை வெளிப்படுத்துதல்" எல்லாம் வரிசை கட்டி வந்து நிக்குது.

இன்னொண்ணு, ஜனங்க பேசுற சொல் சட்டத்துல கிடையாது. நாம "தூக்கிட்டாங்க"ன்னு சொல்ற மாதிரி அவங்க "ஜல்லியோத்தா"ம்பாங்க, அதாவது வெட்டுப்பட்டுட்டேன். (நம்ம ஆளுங்க அடிக்கற ஜல்லி இல்ல, சிரிக்காதீங்க.) சட்டம் அதை "ஹேகோ"ங்குது. இந்த மாத்தத்தை ஏஜென்ட் நல்லாவே செய்யுது. உண்மையான சிக்கல் அதுக்கு அப்புறம்தான் வருது.

நாலு பேர் மட்டும் வேலை பாக்குற ஒரு சின்னப் பட்டறைன்னு வச்சுக்குவோம். அதுல ஒருத்தரைக் காரணமே சொல்லாம திடீர்னு தூக்கிட்டாங்க. அவர் ஏஜென்ட்டைக் கேக்குறார். அது "ஹேகோ"ன்னு தேடுது. தொழிலாளர் தரநிலைச் சட்டத்தோட 23ஆம் பிரிவு கிடைக்குது: நியாயமான காரணம் இல்லாம நீக்கக் கூடாது. "நியாயம் உங்க பக்கம்தான், புகார் குடுங்க"ன்னு பதில் வருது. பிரிவு நிஜம், வாசகம் நிஜம். பதில் தப்பு.

ஏன்னா அந்தச் சட்டத்தோட 11ஆம் பிரிவு, இது பொதுவா 5 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துக்குத்தான்னு சொல்லுது. 4 பேரோ அதுக்குக் கீழயோ இருந்தா எந்தெந்தப் பிரிவு பொருந்தும்ங்கறது அமலாக்க ஆணையோட முதல் அட்டவணையில இருக்கு. 23ஆம் பிரிவுல அந்த "நியாயமான காரணம்" வர்ற முதல் உட்பிரிவு அந்த அட்டவணையில இல்ல. 26ஆம் பிரிவு இருக்கு: 30 நாளைக்கு முன்னாடியே சொல்லணும், இல்லேன்னா 30 நாள் சம்பளம் குடுக்கணும். மூணு மாசமாவது வேலை பாத்திருந்தா அந்தக் காசைக் கேக்குற உரிமை அவருக்கு உண்டு. ஏஜென்ட் பேச்சை நம்பி நடக்காத புகாருக்கு அலைவார், கையில வர வேண்டிய ஒரு மாசச் சம்பளத்தைக் கேக்காமலே விட்டுடுவார்.

வேடிக்கை என்னன்னா, 11ஆம் பிரிவுல "ஹேகோ"ங்கற சொல்லே கிடையாது. அந்த அட்டவணை பெரும்பாலும் வெறும் பிரிவு எண்களா இருக்கு. எத்தனை தடவை தேடினாலும் சிக்காது. அனுபவப்பட்ட வக்கீலுக்குக் கேள்வியைக் கேட்டதுமே "எத்தனை பேர் வேலை பாக்குறீங்க?"ன்னு கேக்கத் தோணும். ஏஜென்ட்டுக்குக் கருவி நீட்டினதுதான் உலகம்.

அதனால தேடலை அப்படியே வச்சுக்கிட்டு, அது திருப்பித் தர்றதை மாத்தினேன். ஒரு பிரிவு கிடைச்சா, அந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தும்னு சொல்ற பிரிவும் கூடவே வரும். அந்தப் பிரிவு எண்ணை ஆணையிலயும் அட்டவணையிலயும் தேடி, இருக்கா இல்லையான்னு சொல்லும். அமலுக்கு வந்த தேதியும் வரும். தேதி ஏன்னா, வாரத்துக்கு 52 மணி நேரம்ங்கற வரம்பு 300 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற நிறுவனத்துக்கு 2018 ஜூலைல வந்தது. 5 பேர்ல இருந்து 49 பேர் வரைக்கும் இருக்கற இடத்துக்கு 2021 ஜூலைலதான் வந்தது. எதுவுமே கிடைக்கலேன்னா "இந்தச் சொல் இல்லை, வேற சொல்லால தேடு"ன்னு தெளிவா சொல்லும். வெறுமையா திருப்பி அனுப்பினா ஏஜென்ட் சொந்தச் சரக்கை எடுத்து விடுது.

இப்போ அதே பட்டறைக் கேள்வியைப் போட்டா, ஏஜென்ட் முதல்ல "அங்க மொத்தம் எத்தனை பேர்?"னு திருப்பிக் கேக்குது. அன்னைக்கு எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் குடுத்துக்கிட்டேன்.

அடுத்து நம்ம ஊர்ச் சட்டத் தமிழ்ல இதைச் செஞ்சு பாக்கணும். "சம்பளத்து"ல இருந்து "சம்பளம்" எடுக்கற நல்ல நிரல் யாராவது எழுதி வச்சிருந்தா பின்னூட்டத்துல ஒரு குரல் குடுங்க, புண்ணியமாப் போகும். வர்ட்டா?