ஓனோமிச்சித் தாத்தா பாட்டி

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில்தான் அப்பா எங்களை ‘டோக்கியோ ஸ்டோரி’ பார்க்கக் கூட்டிப்போனார். அவர் சேர்ந்திருந்த ஃபிலிம் சொசைட்டி ஒரு பள்ளிக்கூட ஹாலில் புரொஜெக்டர் வைத்துப் படம் போடும். பெரியவர்களுக்கு நாற்காலி. முன்னால் விரித்த ஜமுக்காளத்தில் ஆச்சியும் நானும். சண்டை வருமா என்று கேட்டேன். வராது, ஒரு வீடு வரும் என்றார் அப்பா.

வீடுதான் வந்தது. கடலோர ஊரான ஓனோமிச்சியில் ஒரு தாத்தாவும் பாட்டியும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பி, துணிமணி எடுத்துவைக்கிறார்கள். காற்றுத் தலையணையைக் காணோம். உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் தாத்தா. இங்கே இல்லையே என்கிறாள் பாட்டி. கடைசியில் அது தாத்தாவிடமே அகப்படுகிறது. அப்பா பின்னாலிருந்து குனிந்து வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார், ஆனால் ஆச்சிக்கு அந்த இடத்தில் அது தேவைப்படவில்லை. “ஒங்க தாத்தாவும் இப்டித்தாம்ல. கையில வச்சிக்கிட்டே வீடெல்லாம் தேடுவாவ.”

படத்தின் இயக்குநர் யசுஜிரோ ஓஸு கேமராவைத் தரையோடு ஒட்டித் தாழ்வாக வைப்பார், அநேகமாக நகர்த்தவே மாட்டார் என்பதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: திரையில் இருந்தவர்கள் பந்தியில் எதிர்வரிசைக்காரர்களைப் போல எங்களுக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

என் வயதை ஒட்டிய பேரன் ஒருவன், தாத்தா பாட்டிக்கு இடம் விடத் தன் மேசையை நகர்த்திவிட்டார்கள் என்று முறுக்கிக்கொள்வான். அவனை எனக்கு உடனே பிடித்துவிட்டது. சின்னவனைப் பாட்டி வெளியே கூட்டிப்போய், பெரியவனானால் என்ன ஆவாய், அப்பாவைப் போல டாக்டரா, நீ டாக்டராகும்போது நான் இருப்பேனோ என்னவோ என்பாள். பையன் பதிலே சொல்லாமல் விளையாடிக்கொண்டிருப்பான்.

மகள் ஷிகேதான் எனக்கு ஆகவில்லை. அழகு நிலையம் நடத்துகிறவள். தாய் தகப்பனுக்கென்று புருஷன் வாங்கிவந்த கேக்கைப் பார்த்து, இவ்வளவு விலையில் எதற்கு என்பாள். அவர்களை அதாமி வெந்நீர் ஊற்றுக்கு அனுப்பிவைப்பதும் அன்பினால் மட்டும் அல்ல. போரில் புருஷனை இழந்த மருமகள் நொரிகோவோ, வேலைக்கு ஒருநாள் லீவு போட்டு அவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டுகிறாள். தன் ஒற்றை அறைக்கு அழைத்துவந்து, மாமனாருக்குக் கொடுக்க சாக்கே மதுவும் கிண்ணமும் பக்கத்து வீட்டில் கடன் வாங்குகிறாள். அந்தக் கடன் வாங்கும் காட்சிக்காகவே இந்தப் படத்தை எத்தனை தடவையும் பார்ப்பேன். இல்லாத வீட்டு விருந்தை இதைவிடக் கௌரவமாக யாரும் காட்டியதில்லை.

பாட்டி ஊர் திரும்பிச் செத்துப்போகிறாள். ஷிகே வாய்விட்டு அழுகிறாள். அடக்கம் முடிந்து சாப்பிடும்போது, அம்மாவின் கிமோனோவையும் இடுப்புப் பட்டையையும் நினைவுக்கு எனக்குக் கொடு என்று தங்கையிடம் கேட்கிறாள். ஹாலில் யாரோ ‘ச்சே’ என்றது கேட்டது. வீட்டுக்கு நடக்கையில் நானும் ஷிகேயைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “அவளுக்கும் கட கண்ணின்னு இருக்குல்லா. அழுதாளா இல்லியா? ரெண்டுந்தான் அவ.”

1953இல் வந்த படம். தாத்தாவாக நடித்த சிஷு ர்யூவுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. இத்தனை குடும்பங்களை எடுத்த ஓஸு கல்யாணமே செய்துகொள்ளாமல் தாயாரோடு வாழ்ந்தவர். 1962இல் தாயார் போனார்; மறு வருஷம் டிசம்பர் 12, தன் அறுபதாவது பிறந்த நாளன்று, அவரும் போனார்.

கல்லூரி நாட்களில் மறுபடி பார்த்தபோதுதான் நொரிகோவும் கடைக்குட்டி கியோகோவும் பேசும் காட்சி முழுசாகக் காதில் விழுந்தது. அக்கா அண்ணன் எல்லாரும் சுயநலக்காரர்கள் என்று கியோகோ குமுறுகிறாள். வயதானால் பிள்ளைகள் தாய் தகப்பனை விட்டு விலகத்தான் செய்வார்கள், அவரவர் பாடு அவரவருக்கு என்று எடுத்துச்சொல்கிறாள் நொரிகோ. நல்லவள் என்று நாங்கள் கொண்டாடியவளே ஷிகேக்காகப் பேசுகிறாள், ஆச்சி பேசிய மாதிரியே. ஷிகேக்கு ஓஸு ஒரு தண்டனையும் வைக்கவில்லை. அவள் முன்பே ரயிலேறிவிட்டாள், டோக்கியோவில் கடையைத் திறக்க வேண்டும்.