சீசனுக்கு வந்தவர்கள்

எங்கள் தெருவில் 'குத்தாலத்துக்குப் போறேன்' என்று யாராவது சொன்னால், 'என்ன வேலைக்கு?' என்றுதான் அடுத்தவர் கேட்பார். குளிக்கப் போவதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அச்சன்புதூரிலிருந்து குற்றாலம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். தென்காசி போய் வண்டி மாறினால் போதும். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ராத்திரி முழுக்கக் கண்விழித்து வருகிற சனம் விடிகாலையிலேயே அருவியில் தலையைக் கொடுத்துவிடுகிறது. எங்க அம்மா ஐம்பத்தெட்டு வயது வரை அருவிக்குக் கீழே நின்றதில்லை. ஆனால் ஏழு சீசனுக்கு லாட்ஜுகளில் பாத்திரம் தேய்க்கப் போயிருக்கிறாள். பின்கட்டில் படுத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் அருவிச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். 'சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்டி, ஒறக்கமே வராது' என்பாள். அவளுக்குத் தெரிந்த குற்றாலம் அந்தச் சத்தமும் எச்சில் தட்டுகளும்தான்.

சுற்றுலா விளம்பரங்களில் குற்றாலத்தைத் 'தென்னிந்தியாவின் ஸ்பா' என்று போடுகிறார்கள். ஸ்பா என்றால் உடம்பு தேறுவதற்காகத் தண்ணீரையும் காற்றையும் தேடிப் போய்த் தங்குகிற ஊர். வசதி உள்ளவன் தேடிப் போகிற ஊர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரத்தினால் வந்த குளிர்ச்சி இல்லை குற்றாலத்துக்கு. கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 160 மீட்டர்தான். மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்குப் பக்கத்தில் ஆரியங்காவில் கொஞ்சம் வாய் திறந்திருக்கிறது. ஆனி, ஆடியில் மலையாளத்துப் பக்கம் பெய்கிற தென்மேற்கு மழையின் காற்று அந்த வாய் வழியாக இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. மழையாகப் பெய்யாமல் பூவாளியில் தெளிப்பது மாதிரி சாரலாக விழுகிறது. கிழக்கே பத்து மைல் போனால் வெயில் மண்டையைப் பிளக்கும். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைக்குள் மெரானோ என்றொரு ஊர் இருக்கிறது. அதுவும் உயரமில்லாத மலை ஊர், 300 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வடக்கே பெரிய மலைகள் குளிர்காற்றை மறித்துக்கொள்ள, தெற்கே திறந்து கிடப்பதால், பனிமலையைப் பார்த்துக்கொண்டே அங்கே பனைச்சாதி மரங்கள் வளர்கின்றன, திராட்சை பழுக்கிறது. பணக்காரர்களும் நோயாளிகளும் அங்கே போய்த் தங்கினார்கள். அந்த ஊரைப் பற்றி எனக்கென்ன பேச்சு என்று கேட்பீர்கள். இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

குற்றாலத்தைத் தங்கும் ஊராக ஆக்கியதில் வெள்ளைக்காரனுக்குப் பங்குண்டு. கும்பினி காலத்திலேயே இங்கே கிராம்பு, ஜாதிக்காய்த் தோட்டம் போட்டார்கள். நெல்லைச் சீமை அதிகாரிகளும் பாதிரிமார்களும் வெயிலுக்குத் தப்பி இங்கே வந்து பங்களாக்களில் இருந்தார்கள். கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்திலும் குற்றாலம் வருகிறது. பிறகு நம் ஜமீன்தார்கள், மிராசுகள், வக்கீல்கள். ரசிகமணி டி.கே.சி. இங்கேயே குடியிருந்து தமிழை ரசித்தார். சீசனுக்கு எழுத்தாளர்கள் அவர் வீட்டில் வந்து கூடினார்கள். எம்.ஏ. வகுப்பில் இதைச் சொல்லித்தந்த பேராசிரியருக்குச் சொல்லும்போதே கண் கலங்கியது. எனக்கு அந்தக் கூட்டங்களில் இலை எடுத்தவர்கள் யார் என்பதிலேயே புத்தி நின்றது.

சீசன் எங்களுக்கும் உண்டு. அதன் பெயர் கார் நடவு. மலையில் சாரல் விழுந்து அனுமன் நதியில் தண்ணீர் வந்ததும் நாற்றங்காலில் வேலை தொடங்கிவிடும். அங்கே அருவிக்கரையில் வரிசை நிற்கிற அதே நாட்களில் இங்கே வயலில் எங்கள் பெண்கள் வரிசை நிற்கிறார்கள். சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு, இடுப்பை ஒடித்துக் குனிந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே மலையின் தண்ணீரில்தான் நிற்கிறார்கள். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். மூலிகைத் தண்ணீர், நோய் தீரும் என்கிறார்களே, அது கீழே இறங்கி வரும்போது எங்கள் காலை ஏன் அரித்துத் தின்கிறது? யாராவது மூலிகை வைத்தியர் பதில் சொல்லட்டும்.

நடவு இல்லாத ஆண்கள் குற்றாலத்துக்கு எண்ணெய் தேய்க்கப் போனார்கள். எங்க மாமா ஐந்து சீசன் தேய்த்தார். பெரிய பெரிய உடம்புகள். தொப்பையும் பூணூலும், தொப்பையும் தங்கச் சங்கிலியுமாய்க் கல்லில் குப்புறப் படுத்துக்கொள்ள, மாமா முதுகிலும் தொடையிலும் நல்லெண்ணெயை ஊற்றித் தட்டித் தேய்ப்பார். 'ஊர்ல நம்ம நெழல் பட்டா மொறைக்கிறவனெல்லாம் இங்கன நம்ம கையில மாவு மாதிரி கெடப்பானுவ' என்று சொல்லிச் சிரிப்பார். தேய்த்து முடித்து அதே கையால் டீக்கடையில் கிளாஸை எடுக்கப் போனால் கடைக்காரர் தனியாக வைத்திருந்ததைக் காட்டுவார். உழைக்கிற கைக்குத் தீட்டில்லை, அந்தக் கை தனக்காக ஒன்றை எடுக்கும்போதுதான் தீட்டு வருகிறது. சாதி சாஸ்திரத்தை மாமா மாதிரி எனக்கு யாரும் விளக்கியதில்லை.

தண்ணீரைப் பற்றிப் பேசினால் மகாத் நினைவுக்கு வராமல் இருக்காது. 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கான சனங்களோடு போய்ச் சவதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதற்கப்புறம் சாதி இந்துக்கள் 108 குடம் பஞ்சகவ்யத்தைக் கொட்டிக் குளத்தைச் சுத்தம் செய்தார்கள். குளத்துக்கு அது முடியும். அருவிக்கு எத்தனை குடம் ஊற்றுவது? மேலேயிருந்து விழுந்துகொண்டே இருக்கிற தண்ணீரை யார் தொட்டார்கள் என்று கணக்கு வைக்க முடியாது. அதனாலோ என்னவோ, பேரருவிக்குக் கீழே நிற்கிற ஐந்து நிமிடம் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் காதில் விழாது. எல்லாம் நனைந்த உடம்பு. துவட்டிக்கொண்டு சாப்பிட உட்காரும்போதுதான் கேள்வி வருகிறது.

சில வருடங்களுக்கு முன் தென்காசியில் பெண்கள் அமைப்பின் இரண்டு நாள் கூட்டம் முடிந்து, தோழிகள் நாலு பேர் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ராத்திரி தங்கினோம். என் வாழ்க்கையில் காசு கொடுத்துக் குற்றாலத்தில் தங்கியது அதுதான் முதல் தடவை. சாப்பாட்டுக் கூடத்தில் நீள மேசை. எதிரே ஒரு டீச்சரம்மா, ஓய்வு பெற்றவர், முகம் நிறைய சிரிப்பு. நல்லபடியாகத்தான் பேசினார். நான் பேசுகிற தமிழ் சுத்தமாக இருக்கிறது என்றார். எம்.ஏ. தமிழ் என்றதும் இன்னும் சந்தோஷம். 'எந்த ஊரும்மா?' அச்சன்புதூர். 'அட, நம்ம பக்கம்! அச்சன்புதூர்ல எங்கன?' நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் என்றேன். 'எந்தத் தெரு?' என் தோழி என் காலை மேசைக்கடியில் மிதித்தாள். அந்த அம்மா விடவில்லை. அந்த ஊரில் தனக்குத் தெரிந்த வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, 'அவிய சொந்தமா? இவிய சொந்தமா?' என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஜவுளிக்கடையில் சேலையை விரித்து விரித்துக் காட்டுவது மாதிரி. என் நிறத்துக்கும் என் தமிழுக்கும் பொருந்துகிற ஒரு வீட்டை அவருக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. 'காலனி, டீச்சர்' என்றேன். 'அப்படியா... நல்லது, நல்லது. படிக்கணும்' என்றார். சிரிப்பு மாறவில்லை. ஆனால் கை சோற்றில் நின்றுவிட்டது. மோரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். அவரோடு வந்தவர்களும் எழுந்தார்கள். அவர்களுக்கும் சாப்பாடு முடிந்திருக்கலாம்.

இப்போது மெரானோவுக்கு வருகிறேன். நம் சிற்றிதழ்க்காரர்கள் கொண்டாடுகிற காப்கா, காசநோய்க்காரர், 1920 ஏப்ரலில் உடம்பு தேற அந்த ஊருக்குப் போனார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது, இப்போது என் வயது. சைவச் சாப்பாடு என்பதால் விடுதியில் தனி மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். (நம்மூரில் சைவம் என்று தனிப் பந்தி கேட்கிறவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கதை தலைகீழ்.) ஒரு கர்னல் அவரைப் பொது மேசைக்கு வந்து உட்காரச் சொல்லி அழைக்கிறார். எதிரே ஒரு ஜெனரல். எந்த ஊர்? பிராக். அப்படியானால் செக்காரரா? இல்லை. ஜெர்மன்தான் பேசுகிறார், ஆனால் அந்த ஜெர்மனில் ஏதோ ஒன்று ஜெனரலின் காதுக்குப் பிடிபடவில்லை. திரும்பத் திரும்ப அதையே துருவுகிறார். கடைசியில் காப்கா தான் யூதன் என்று சொல்லிவிடுகிறார். அந்த நேரம் பார்த்து மேசையில் இருந்த எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். எல்லோர் காதிலும் விழுந்திருக்க வழியில்லை, தற்செயலாக இருக்கலாம் என்கிற மாதிரி காப்காவே நண்பர் மாக்ஸ் பிராடுக்குப் போட்ட கடிதத்தில் எழுதுகிறார். நான் லாட்ஜில் நினைத்த அதே சமாதானம். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ஆல்ப்ஸ் மலையில் ஒரு ஜெனரலும் திரிகூடமலையில் ஒரு டீச்சரும் ஒரே பாடத்தை எங்கே படித்தார்கள்?

ஆனால் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. 1943 செப்டம்பரில் ஜெர்மன் படை வந்ததும் மெரானோவில் இருந்த யூதர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காப்கா 1924லேயே செத்துப்போயிருந்தார். அவருடைய மூன்று தங்கைகளையும் நாஜிகள் கொன்றார்கள். மேசையில் மரியாதையாகக் கேட்கிற கேள்வி எதுவரைக்கும் போகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் வட்டாரத்தில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் தேடியவர்களும் உண்டு. 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்துச் சனங்கள் கூட்டமாக இஸ்லாத்துக்குப் போனார்கள். நாடே கொதித்தது. டெல்லியிலிருந்தெல்லாம் தலைவர்கள் ஓடி வந்து ஏன் போனீர்கள் என்று கேட்டார்கள். அதற்கு முன் எத்தனை வருடம் அந்தச் சனங்கள் டீக்கடையில் தனிக் கிளாஸில் குடித்தார்கள், அப்போது ஒருவரும் வரவில்லை. 2025இல் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அரசு அறிவித்தது. நல்லதுதான். 'எந்தத் தெரு?' என்ற கேள்வியை நீக்க எந்த ஆணை வரும்?

குற்றாலக் குறவஞ்சியிலும் ஒரு கேள்வி இருக்கிறது. வசந்தவல்லி குறத்தியைப் பார்த்து உன் மலை எது, அதன் வளம் என்ன என்று கேட்கிறாள். குறத்தி காலை மேசைக்கடியில் மிதிபட்டவள் மாதிரி மென்று முழுங்கவில்லை. தலை நிமிர்ந்து மலையையே எடுத்து முன்னால் வைக்கிறாள். வகுப்பில் நாங்கள் சந்தமும் உவமையும் மட்டும் பார்த்தோம். அதைப் பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு முத்துவிசயரங்கச் சொக்கநாத நாயக்கர் நிலம் கொடுத்தார். குறவஞ்சிமேடு என்று அதற்குப் பெயர். குறத்தியைப் பாடியவருக்கு நிலம் கிடைத்தது. குறத்திக்கு? 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் குறவர்களில் பல பிரிவினரைக் குற்றப்பரம்பரை என்று பதிந்து போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை வைக்கச் சொன்னார்கள். மேடையில் குறத்திக்குக் கைதட்டல், ஊருக்கு வெளியே குறவனுக்கு அடி.

போன ஆடியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நடவு முடிந்திருந்தது. 'எதுக்குடி வீண் செலவு' என்றுதான் வந்தாள். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். தண்ணீர் தலையில் விழுந்ததும் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டவள், கொஞ்ச நேரத்தில் கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள். பக்கத்தில் மதுரைப் பக்கத்து அம்மா ஒருத்தி. 'எந்த ஊரு ஆத்தா?' என்று கேட்டாள். எனக்கு வயிற்றில் என்னமோ செய்தது. அம்மா, 'அச்சன்புதூரு' என்றாள். 'எங்க இருக்கு அது?' அம்மா அந்த இரைச்சலில் கத்திச் சொல்ல ஆரம்பித்தாள். பண்பொழி திருமலைக்கோயில் இருக்குல்லா, அங்கிட்டு. ஊருக்கு அந்தப் பக்கம் காலனி. வயக்காட்டு வேல. இந்தக் காருக்கு இருவது பேரு சேந்து நட்டோம், எம் மவ எம்.ஏ. படிச்சிருக்கா, அந்தா நிக்கா பாரு. 'என்னது? கேக்கலையே!' என்றாள் அந்த அம்மா. அம்மா அவள் காதுக்குப் பக்கத்தில் போய், முதலிலிருந்து, இன்னும் சத்தமாகச் சொன்னாள். நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். போலீஸ்காரம்மா விசில் ஊதி அடுத்த ஆளுக்கு இடம் விடச் சொன்னார். அம்மா நகரவில்லை.