நாளுக்குக் கால் மணி நேரம்

அக்டோபர் 3, உத்ரெக்ட்

பெட்டி வந்துவிட்டது. எங்கள் இசைக்குழுவின் பொதுப் பணத்தில் வாங்கியது; குடியிருக்கப் போவது என் வீட்டில். கிரேட் பேஸ் ரெக்கார்டர். போனில் சொன்னதும் அக்கா, "இந்தக் காலத்துல யாருடா டேப் ரெக்கார்டர் வாங்குறான்?" என்றாள். டச்சுக்காரர்கள் இதைக் கட்டைக் குழல் என்ற பொருளில் 'பிளோக்ஃப்ளௌட்' என்கிறார்கள். அந்தப் பெயரே தேவலை. வாய்ப்பக்கத்தை அடைத்து, மெல்லிய இடுக்கு ஒன்றை மட்டும் விட்டுவைக்கிற சிடார் கட்டைதான் இதன் உயிர். புல்லாங்குழலில் உதடு பார்க்கிற வேலையை இதில் அந்த இடுக்கு பார்க்கிறது.

மேப்பிள் மரம். கோத்து நிறுத்தினால் ஒன்றேகால் மீட்டர் இருக்கும். இத்தனை உயரம் இருந்தும், வயோலாவின் அடித்தந்தி எட்டுகிற சுரம் வரைக்கும்தான் இறங்கும். செல்லோ அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே போய்விடும்.

மூட்டுத் தக்கைகளில் கிரீஸ் தடவினேன். கால் துண்டை நடுத்துண்டில் திருகித்தான் ஏற்ற வேண்டும். ஆட்டி ஆட்டிச் செருகினால் மூட்டு தளர்ந்துவிடும். எங்கே பிடித்தாலும் ஏதாவது ஒரு கீ கையில் தட்டுப்பட்டது. கீயை அழுத்திப் பிடித்தால் தண்டு வளையும். கடைசியில் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்களைப் போல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் கிடத்திக் கோத்தேன். அதன் பிறகு தலை, வளைந்த பித்தளை ஊதுகுழாய், கழுத்துப்பட்டை. எல்லாம் முடிய இருபது நிமிடம் ஆயிற்று. ஊத அனுமதி பதினைந்து நிமிடம். புது மரம் மூச்சின் ஈரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழகும். அவசரப்பட்டால் வெடிக்கும்.

அக்டோபர் 17

ஒத்திகை. இந்த ஊரில் எல்லாரும் சைக்கிளில் போக, நான் பெட்டியோடு பேருந்தில். யான்ஸ்கெர்க்ஹோஃபைத் தாண்டும்போது யாகோப் ஃபான் எய்க்கின் நினைப்பு வந்தது. கண் தெரியாத மணிக்கூண்டு இசைஞர். 1649இல் அவருடைய சம்பளத்தை 80 கில்டரிலிருந்து 100 ஆக்கினார்கள். இந்தத் தேவாலய வளாகத்தில் மாலை உலாவ வருகிறவர்களுக்குக் குழலும் வாசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவருடையது கைக்கு அடக்கமான குழல். பேருந்துத் தொல்லை இல்லை.

இன்றைய அனுமதி இருபது நிமிடம். ஒத்திகையோ இரண்டு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் குழலை அணைத்துக்கொண்டு தாளம் எண்ணினேன். ஊதிய இருபது நிமிடமும் வசவுதான். குழலின் அடிச் சுரமான ஸி பிளிறியது. "மெழுகுவர்த்தியை அணைக்கிறீர்கள். மூக்குக்கண்ணாடி துடைக்கும்போது ஆவி படிய ஊதுகிறோமே, அந்த மூச்சு போதும்" என்றார் ஆசிரியை. அப்படி விட்டதும் சுரம் வந்து உட்கார்ந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது, தரை லேசாக அதிர்ந்த மாதிரி இருந்தது.

ஆனால் ஆவி என்றால் நீர். பத்தாவது நிமிடத்தில் இடுக்கில் திவலைகள் கோத்துக்கொண்டு குரல் கம்மிவிட்டது. சுரத்துக்கு வேண்டிய மூச்சே இடுக்குக்கு எதிரி! ஊதுகுழாயைக் கழற்றி உதறினேன்; தலையின் மூடியைத் திறந்து துடைத்தேன். அடுத்த முறை தலைத் துண்டைக் கம்பளியில் சுற்றி மடியில் சூடாக்கிவிட்டு ஊத வேண்டும். சில்லிட்ட மரத்தில்தான் ஆவி சீக்கிரம் நீராகிறது.

1619இல் ஜெர்மன் இசைஞர் பிரேடோரியஸ் ரெக்கார்டரில் எட்டு அளவுகளைப் பட்டியலிட்டார். முழு அணிக்கு 21 குழல்கள் என்று கணக்கு. அந்த 21 குழல்களையும் குளிர்காலத்தில் எதைக்கொண்டு துடைத்தார்களோ.

நவம்பர் 9

எண்ணெய்க் காப்பு. மெழுகு ஏற்றிய மரமாக இருந்தால் இந்த வேலை இல்லை. எங்களுடையது வெறும் மரம். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, ஆளிவிதை எண்ணெயை உட்குழாயில் மட்டும் மெல்லப் பூசினேன். கட்டையிலும் இடுக்கிலும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. பட்டால் கட்டை ஈரம் உறிஞ்சாது. கீக்களின் அடியில் இருக்கும் மெத்தைகளுக்கு பிளாஸ்டிக் தாள் செருகியவன், சுண்டுவிரல் கீயை மறந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் அது 'ப்ச்' என்று ஒட்டி ஒட்டி எழுந்தது.

இதற்கு வைத்தியம் சிகரெட் சுருட்டும் தாள். வாழ்நாளில் புகைத்திராதவன் மூலைக் கடையில் போய்க் கேட்டேன். புகையிலை எது வேண்டும் என்றார் கடைக்காரர். தாள் மட்டும் போதும் என்றேன். அவர் பார்த்த பார்வை! தாளை மெத்தைக்கடியில் வைத்து, கீயை அழுத்தி, விட்டு, எடுத்து... ஏழாவது தாளில்தான் எண்ணெய்க் கறை நின்றது.

எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பையில் போடக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும். சுருட்டிப் போட்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். நீரில் நனைத்துப் பால்கனிக் கொடியில் விரித்தேன்.

டிசம்பர் 12

கச்சேரி. நாற்பது நிமிடம் தொடர்ந்து வாசித்தேன். இப்போது அனுமதி உண்டு. கடைசிச் சுர அடுக்கில் அடி ஸி என்னுடையது. நின்றது. கைதட்டலின் நடுவே பார்த்தால், குழலின் காலடியில் கல்தரையில் சின்னக் குட்டை. முன்வரிசைப் பாட்டி ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்ப மணி பதினொன்று. ஹீட்டர் பக்கத்தில் இருந்த பெட்டியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தியாயிற்று. மூடியைச் சாத்தவில்லை. தலைத் துண்டு இன்னும் காயவில்லை.