சலாகை எங்கிருந்து தொடங்குகிறது?



பதிவு கொஞ்சம் நீளம். தரம் 8 பிள்ளைகளின் பெற்றார் முழுவதும் வாசித்தால் சந்தோசப்படுவோம். எங்கள் பிழை ஒன்றும் இதில் இருக்கிறது.

போன தவணை, தரவுகளை வரைபில் காட்டும் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாணவன் வாப்பாவின் வட்ஸ்அப்புக்கு வந்த படமொன்றைக் கொப்பியில் கீறிக்கொண்டு வந்தான். இலங்கை முஸ்லிம்கள் பற்றிய படம். இரண்டே இரண்டு சலாகைகள். 1981க்குக் குட்டிச் சலாகை. 2012க்கு அதைப் போல நாலைந்து மடங்கு உயரம்.

"சேர், எங்கட ஆக்கள் இவ்வளவு கூடிட்டாங்களா? அதனாலதான் எங்களோட கோவமா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. "இதெல்லாம் பொய், விடுங்க மகன்" என்று சொல்லத்தான் எங்களுக்கு வாய் வந்தது. ஆனால் படத்தில் இருந்த எண்கள் பொய் அல்ல. 1981 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகையில் முஸ்லிம்கள் 7.6 சதவீதம். 2012இல் 9.7 சதவீதம். 2001இல் யுத்தம் காரணமாக வடக்கு கிழக்கில் கணக்கெடுப்பு முழுமையாக நடக்கவில்லை. அதனால்தான் பலரும் இந்த இரண்டு வருடங்களையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். எண் சரி. அப்படியென்றால் படம் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறது?

பிள்ளைகளிடமே விட்டோம். வரைபுத்தாளை எடுத்து, ஒரு சதவீதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் என்று 0இலிருந்து கீறச் சொன்னோம். ஒரு சலாகை 7.6 சென்ரிமீற்றர், மற்றது 9.7 சென்ரிமீற்றர். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணனும் தம்பியும் நிற்பது போல இருந்தது. பிறகு அதே எண்களை 7இலிருந்து தொடங்கிக் கீறச் சொன்னோம். இப்போது முதல் சலாகைக்கு மிஞ்சியது 0.6, இரண்டாவதற்கு 2.7. நாலரை மடங்கு! பயம் எண்ணில் இல்லை, சலாகை தொடங்கிய இடத்தில் இருந்தது.

அடுத்ததாக, படம் போட்டவர் விட்டுவிட்ட சலாகைகளையும் சேர்த்தோம். பௌத்தர்கள் 1981இல் 69.3 சதவீதம், 2012இல் 70.1 சதவீதம். ஆட்களின் எண்ணிக்கையாகவும் பார்த்தோம். முஸ்லிம்கள் ஏறக்குறைய 11 இலட்சத்து 22 ஆயிரத்திலிருந்து 19 இலட்சத்து 68 ஆயிரமானார்கள். கூடியது சுமார் எட்டரை இலட்சம். அதே காலத்தில் பௌத்தர்கள் கூடியது சுமார் 40 இலட்சம். நமது பங்கு கூடியது உண்மை. நாம் கூடிய வேகம் அதிகம் என்பதும் உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை என்றும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். ஒரு குழுவை மட்டும் தனியே நிறுத்தி, அடியையும் வெட்டிவிட்டுக் காட்டினால் அது ஒப்பீடு ஆகாது.

பாடம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்த நேரத்தில்தான் பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி எழும்பினாள்.

"சேர், பெற்றார் கூட்டத்துக்கு நீங்க ஒட்டின படமும் 50இலிருந்துதானே தொடங்கினது?"

எங்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் சொன்னது சரி. 8ஏ, 8பீ இரண்டு வகுப்புகளினதும் கணிதப் புள்ளிகளை ஒப்பிட்டு ஒரு வரைபு ஒட்டியிருந்தோம். ஏ வகுப்பின் சராசரி 54, பீ வகுப்பின் சராசரி 58. தாளில் இடம் போதாது என்று அச்சை 50இலிருந்து தொடங்கினோம். பார்த்தவர்களுக்கு பீ வகுப்பு இரண்டு மடங்கு கெட்டிக்கார வகுப்பாகத் தெரிந்தது. அன்று ஒரு வாப்பா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வகுப்பில இருந்து என்னத்தப் படிக்கிற? கடைக்கு வா" என்று எல்லோருக்கும் முன்னால் மகனைக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு கிழமையாக அந்தப் பிள்ளை வரவில்லை.

அடுத்த நாள் இரண்டு வகுப்புப் புள்ளிகளையும் தண்டு இலை வரைபாகப் பலகையில் எழுதினோம். நடுவில் பத்துகளின் இலக்கம், இடப்பக்கம் ஏ வகுப்பின் ஒன்றுகள், வலப்பக்கம் பீ வகுப்பின் ஒன்றுகள். சராசரி என்ற ஒற்றை எண் மறைத்தது எல்லாம் வெளியே வந்தது. பீ வகுப்புப் பிள்ளைகள் 44க்கும் 72க்கும் இடையில் நெருக்கமாக நிற்கிறார்கள். ஏ வகுப்போ 17இலிருந்து 93 வரை பரந்து கிடக்கிறது. 85க்கு மேல் எடுத்த மூன்று பேரும் ஏ வகுப்பு. அந்த வகுப்பின் 28 பேரில் 12 பேர் பீ வகுப்பின் சராசரியை விடக் கூட எடுத்திருக்கிறார்கள். கடைக்குப் போன பிள்ளையும் அதில் ஒருவன். அவனுடைய புள்ளி 66.

கீழே, 30ஐத் தாண்டாமல் ஐந்து பேர் தனியாகக் கிடந்தார்கள். ஏ வகுப்பின் சராசரியை இழுத்து வைத்திருந்தது அந்த ஐவர்தான். கூப்பிட்டுப் பேசிப் பார்த்தோம். மூன்று பேருக்குக் கணக்கு அல்ல பிரச்சினை, வினாவை வாசித்து விளங்கிக்கொள்ளவே கஷ்டம். இப்போது செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்டபின் அவர்களோடு உட்காருகிறோம். வகுப்பு முழுவதையும் ஏசிக்கொண்டிருந்தால் இந்த ஐவரையும் கண்டிருக்கவே மாட்டோம்.

அந்த வாப்பாவின் வீட்டுக்கும் போனோம். இரண்டு படங்களையும் முன்னால் வைத்து, "பிழை எங்கட" என்று சொன்னோம். அவர் நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இவன் 66ஆ?" என்று மட்டும் கேட்டார். பிள்ளை இப்போது பாடசாலைக்கு வருகிறான். பின்னேரம் கடையில் நிற்கிறான்.

கல்வியியற் கல்லூரியில் இந்தப் பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்று படித்துத்தான் வந்தோம். அச்சை வெட்டினால் ஒரு பிள்ளையின் படிப்பும் வெட்டுப்படலாம் என்று அப்போது யோசித்ததில்லை.

பெற்றாரிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு ஊர், இரண்டு பாடசாலை, இரண்டு சமூகம் என்று ஒப்பிட்டு ஒரு படம் போனுக்கு வந்தால், பகிர முன்னர் மூன்றைப் பாருங்கள். சலாகை 0இலிருந்து தொடங்குகிறதா? காட்டுவது சதவீதமா, ஆட்களின் எண்ணிக்கையா? சராசரி மட்டும்தானா, எங்கிருந்து எங்கே வரை பரந்திருக்கிறது என்றும் இருக்கிறதா? நம்மைப் பற்றி வரும் படத்துக்கும் இதே கேள்விகள். நாம் மற்றவர்களைப் பற்றி அனுப்பும் படத்துக்கும், பரீட்சை முடிவு வந்ததும் நமது பாடசாலையைப் புகழ்ந்து ஒட்டும் படத்துக்கும் இதே கேள்விகள்தான்.

விளங்காவிட்டால் வீட்டிலுள்ள தரம் 8 பிள்ளையிடம் காட்டுங்கள். அடிமட்டத்தை எடுத்து அளந்தே சொல்லும். வரும் பெற்றார் கூட்டத்தில் நாங்கள் ஒட்டும் படத்தையும் அளந்து பாருங்கள். பிழை கண்டால் எல்லோருக்கும் முன்னால் தாராளமாகச் சொல்லுங்கள்.