நூலில் பிறந்த நங்கை

நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரில் மௌரிட்ஸ்ஹௌஸ் என்னும் ஓவியக்கூடம் உள்ளது. யொஹானஸ் வெர்மீர் 1665-ஆம் ஆண்டளவில் தீட்டிய நங்கை ஒருத்தி அங்கே தோளுக்கு மேலாக முகந்திருப்பி நோக்குகின்றாள். தலையில் நீலத் துணிக்கட்டு. அதன்பின் தொங்கும் மஞ்சள் துணி. செவியில் ஒற்றை முத்து. உலகோர் திரண்டுவந்து காணும் ஓவியம் அது. காணலாம், தொடலாகாது.

தொடலாகாத அந்நங்கையைக் குழந்தையின் மடியில் அமர்த்துகின்றது குரோஷாப் பின்னல். அதற்குத் தறி வேண்டா. இரண்டு ஊசியும் வேண்டா. முனை வளைந்த ஓர் ஊசியும் நூலும் போதும். இவ்வாறு பின்னப்படும் பஞ்சுப் பொம்மைகளை ஜப்பானியர் அமிகுருமி என்பர்.

பின்னுபவள் முதலில் ஒரு வளையமிட்டு, அதனுள் 6 கண்ணிகள் போடுகின்றாள். அடுத்த சுற்றில் 12, அதற்கடுத்து 18. இங்ஙனம் கூட்டிக்கொண்டே செல்லப் பின்னல் வட்டமாய் விரியும். கூட்டாது பின்னக் கிண்ணம்போற் குழியும். குறைக்கக் குறைக்க உருண்டு மூடும். மூடுமுன் பஞ்சு அடைப்பாள். எண்ணிக்கை தவறின் முகம் கோணும். தவறிய இடம்வரை பிரித்து மீண்டும் பின்னுதல் வேண்டும்.

ஓவியத்தின் ஒளியையும் நிழலையும் நூல் காட்டுமோ? முழுதும் காட்டாது. ஆதலின், எதனைக் கொள்வது, எதனை விடுவது என அவள் தேர்ந்தாக வேண்டும். மூக்கினை விடலாம், முத்தினை விட்டால் அவள் வேறொருத்தியாகி விடுவாள். வெர்மீரும் அம்முத்தினைச் சில தூரிகைத் தீற்றல்களாலேயே அமைத்தார். அதனைச் செவியில் மாட்டும் கொக்கியை அவர் தீட்டவில்லை என்று 2020-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறிற்று. காண்போர் கண்ணே அம்முத்தினை மாட்டிக்கொள்கின்றது. பொம்மையைப் பார்க்குங் குழந்தையின் கண்ணும் இல்லாத மூக்கினை அவ்வாறே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து கொடும்பஞ்சம் நேர்ந்தது. அப்போது இப்பின்னல்வேலை பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. ஆந்திரத்து நரசாப்பூர்ப் பெண்டிரும் இதனால் பொருளீட்டி வருகின்றனர். எனினும், பல மணிநேரம் குனிந்து பின்னிய பொம்மையைக் கையிலெடுத்து, “வெறும் நூல்தானே!” என விலை குறைத்துக் கேட்போர் உளர்.

வெர்மீரின் ஓவியமும் துணியும் வண்ணமுமே. 1881-ஆம் ஆண்டில் அஃது ஏலத்திற்கு வந்தபோது, இரண்டு கில்டரும் சில காசுகளுமே விலையாகப் பெற்றது. அன்றும் குறை ஓவியத்தின்பால் இல்லை. விலை கூறியவர் கண்களிலேயே இருந்தது.