புகைக்கூடமும் நமது பேனாவும்

"ஆட்சேபணை எவருக்கும் இல்லை" என்னும் மூன்று சொற்களை எழுத நமக்கு அரை நிமிடமும் ஆகவில்லை. அவற்றின் பாரமோ இன்னும் நம்மைவிட்டு இறங்கவில்லை.

நமது தோட்டத்தில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பின்னர், பழைய புகைக்கூடம் வேலையற்று நின்றது. பாலில் ஆசிட் கலந்து உறையவைத்து, உருளையில் அழுத்திச் சீட்டாக்கி, கழிகளில் தொங்கவிட்டு, விறகுப் புகையில் நாட்கணக்காக உலர்த்திய இடம் அது. அதைப் புதுப்பித்து உல்லாசப் பிரயாணிகள் தங்கும் விடுதியாக்க நிர்வாகம் எண்ணிற்று. குடியிருப்போரின் அபிப்பிராயம் யாதெனக் கிராணியாகிய நம்மைக் கேட்டது. நாமோ நாற்காலியைவிட்டு எழாமலே அம்மூன்று சொற்களின் பொருளை ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டோம். ஆங்கிலப் பள்ளியிற் படித்த நமக்குப் பிறர் மனமும் தெரியும் என்ற அகந்தையன்றி இதற்கு வேறு காரணம் இல்லை.

செய்தி லயங்களுக்கு எட்டிற்று. பாட்டியம்மை ஒருவர் ஆபீஸ் வாயிலில் வந்து நின்றார். தம் வாலிபம் முழுதும் அப்புகையினுள் சீட்டுத் தொங்கவிட்டவர். "ஐயா, எங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னு எழுதினீங்களாமே, எங்களை எப்போ கேட்டீங்க?" என்றார். நம்மிடம் விடை இல்லை.

அன்று மாலை முதல் வீடு வீடாகச் சென்று கேட்டோம். பிள்ளைகள் இரவிற் படிக்க ஓர் அறை வேண்டும் என்றனர் தாய்மார். விடுதி வரட்டும், அதில் வேலை முதலில் எங்களுக்குக் கிடைக்கட்டும் என்றனர் இளைஞர். "என் கண்ணைக் கெடுத்த புகை ஐயா அது, இடிச்சுத் தள்ளுங்க" என்றார் முதியவர் ஒருவர். இவற்றுள் ஒன்றேனும் நமது மேசையில் உதித்திருக்குமா?

பழைய தொழிற்கட்டடங்களை இடியாது வேறு பயனுக்கு ஆக்குவது நற்காரியமே. தமிழர் பலர் ரயில்வேயில் உழைத்த கோலாலம்பூர் செந்தூலில், ரயில்வேயின் பழைய கட்டடமொன்று 2005ஆம் ஆண்டு நாடக அரங்காகத் திறக்கப்பட்டது. அதன் செங்கற்சுவரைக் கண்டு நாமும் மகிழ்ந்ததுண்டு. ஆயினும் சுவரைக் காப்பது ஒன்று. சுவரைச் சுற்றி வாழ்வோரைக் கேட்பது மற்றொன்று.

"ஏழை ஜனங்களைக் கேட்டால் காரியம் நடவாது" என்பாருளர். அவர்கள் லண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள ஆக்ஸோ கோபுரத்தின் வரலாற்றை அறிவார்களாக. முதலில் மின்சார நிலையமாகவும், பின்னர் இறைச்சிச் சாறு செய்யும் கம்பெனியின் குளிர்கிடங்காகவும் இருந்த கட்டடம் அது. 1970களில் அவ்வட்டாரத்தில் பெரும் ஆபீஸ் கட்டடங்களையும் ஹோட்டலையும் எழுப்பத் திட்டமிட்டனர். எங்களுக்கு வேண்டுவது வீடுகளே என அக்கம்பக்கத்தார் கிளர்ச்சி செய்தனர். 1984இல் அவர்களே அமைத்த ஸ்தாபனம் 13 ஏக்கர் நிலத்தை 10 லட்சம் பவுனுக்கு வாங்கிற்று. 1996இல் அப்பழைய கட்டடம் 78 கூட்டுறவு வீடுகளும், கைவினைஞர் பட்டறைகளும், உச்சியில் ஓர் உணவகமும் கொண்டதாக மீண்டும் உயிர்பெற்றது.

அங்கே நிலம் ஜனங்களின் கைக்கு வந்தது. இங்கே நமது தோட்டத்தில் அது கம்பெனியினுடையது. வேற்றுமை பெரிதே, மறுக்கவில்லை. ஆனால் கேட்பதற்கு நிலப்பட்டா வேண்டுமா? திட்டம் வரையுமுன் கேட்பதே கேட்பதாகும். வரைந்து முடித்தபின் கேட்பது, சமைத்த பின்னர் விருந்தினனைப் பசியா என்று வினவுவது போன்றதன்றோ?

கிராணிமார்களே! நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையே நிற்பது பலவிடத்தும் நமது பேனாவே. அது ஊமைகளின் வாயாகலாம். வாயுள்ளோரை ஊமைகளாக்கவும் செய்யலாம். நாம் இரண்டாவதைச் செய்தோம்.

ஆகவே மற்றோர் அறிக்கை எழுதினோம். முன்னது எவரையும் கேளாது எழுதியது என அதில் ஒப்புக்கொண்டோம். இடிக்கச் சொன்ன முதியவரின் சொல்லையும் விடாது சேர்த்தோம். மேலிடத்திலிருந்து இன்னும் விடை வரவில்லை. வருவது யாதாயினும் ஆகுக. இம்முறை, எழுதியதைப் பாட்டியம்மைக்குத் தமிழிற் படித்துக் காட்டி, அவர் சரியென்று தலையசைத்த பின்னரே கையொப்பமிட்டோம்.